பூட்டிய மனநலப் பிரிவில் மீட்சிக் கல்வியால் என்ன பயன்?

பூட்டிய மனநலப் பிரிவில் இருக்கும் உங்கள் தம்பிக்கு மருந்து போதாதா, வகுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து அறிகுறிகளைக் குறைக்கும். ஆனால் நோய் முழுமையாக நீங்காவிட்டாலும் பொருளுள்ள வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் கற்றுத்தான் ஆகவேண்டும். அதற்கான வகுப்புகளே மீட்சிக் கல்வி.

இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு தென்மேற்கு லண்டனில் தொடங்கிய மீட்சிக் கல்லூரியில், மனநோயை அனுபவித்தவர்களும் மருத்துவப் பணியாளர்களும் சேர்ந்தே பாடத்தை வகுத்து நடத்தினார்கள். அந்த முறை பின்னர் பாதுகாப்பு மிகுந்த மருத்துவமனைகளுக்கும் சென்றது. அங்கே பேனாக்களைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். கதவு, சாப்பாட்டு நேரம், வெளியேறும் நாள் என எதையும் தாமாகத் தீர்மானிக்க முடியாத ஒருவருக்கு, எந்த வகுப்பில் சேருவது என்ற முடிவாவது தம் கையில் இருப்பது, என் பார்வையில், பாடத்தைவிடப் பெரியது. ஆகவே கட்டாயப்படுத்தினால் பயன் கெடும்.

ஒரு வகுப்பில் தம்பி, "இரண்டு இரவு தூக்கமில்லை என்றால் அக்காவிடம் சொல்வேன்" என்று தம் எச்சரிக்கை அறிகுறிகளை எழுதக்கூடும். அவர் சம்மதித்தால் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்திலும் நோயை அனுபவித்து மீண்ட சக ஆதரவாளர்கள் பணிபுரிகிறார்கள். அவர்களிடம் பேச முடியுமா என்று சிகிச்சைக் குழுவைக் கேளுங்கள்.