நாயுடுன்னா எல்லாரும் பங்காளியா?

கேள்வி: மகளுக்குப் பார்த்திருக்கிற பையனும் எங்களை மாதிரி நாயுடு. ஒரே சர்நேம், அண்ணன் தங்கச்சி முறை ஆகுதுன்னு எங்க பெரியம்மா பிடிவாதமா நிக்கிறாங்க. ஜே நாயுடு, கூமி நாயுடு எல்லாருமே நமக்குப் பங்காளிதானாம். நிஜமாவா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: கவலைப்படாதீங்கம்மா, சர்நேமை மட்டும் வச்சு முறை சொல்லவே முடியாது. நாயுடுங்கறது தலைவன்கற அர்த்தத்துல வந்த தெலுங்குப் பட்டம், கம்மா, பலிஜா, வெலமான்னு பல சாதிக்காரங்க போட்டுக்கிட்டது. 1860-ல ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததுல இருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா ஒண்ணரை லட்சம் பேர் வந்தாங்க, அதுல எத்தனையோ ஊர்க்காரங்க பேருக்குப் பின்னாடி இந்தப் பட்டம் இருந்துச்சு, அதுவே பேரன் பேத்திக்கெல்லாம் சர்நேமா நின்னு போச்சு.

தம்பி நாயுடுவை எடுத்துக்குங்க. 1875-ல மொரிஷியஸ்ல பொறந்த தமிழர், தென்னாப்பிரிக்காவோட ட்ரான்ஸ்வால் பகுதியில காந்தியோட சேர்ந்து திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர், 1908 ஜனவரியில ட்ரான்ஸ்வால் அரசாங்கத்து மந்திரி ஸ்மட்ஸுக்குப் போன சமரசக் கடிதத்துல காந்தியோட இவரும் கையெழுத்துப் போட்டார். 1913 சத்தியாகிரகப் போராட்டத்துல மனைவி வீரம்மாளும் ஜெயிலுக்குப் போனாங்க, பேரன் இந்த்ரெஸ் ராபன் தீவு ஜெயில்ல 10 வருஷம் கிடந்தார். மூணு தலைமுறையா இப்படிக் கொடுத்த குடும்பத்தை நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் எனக்கு வருத்தம். கோசாட்டுங்கற தொழிற்சங்கக் கூட்டமைப்போட முதல் பொதுச்செயலாளரா இருந்து 1994-ல மண்டேலா மந்திரிசபைக்குப் போன ஜே நாயுடுவும், சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ், மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி ரெண்டுக்கும் தலைமை தாங்கின கூமி நாயுடுவும் பேர் ஒண்ணுங்கறதுக்காக இந்த வீட்டுக்காரங்க ஆயிட மாட்டாங்க. வக்கீல் ஃபிலிஸ் நாயுடு பொறந்தது டேவிட் குடும்பத்துல, சரோஜினி நாயுடு சட்டோபாத்யாய வீட்டு வங்காளிப் பொண்ணு, ரெண்டு பேருக்குமே புருஷன் வழியா வந்த பேர்தான்.

தெலுங்குக்காரங்க சம்பந்தம் பேசும்போது பட்டத்தைப் பார்க்க மாட்டாங்க, ‘இண்டி பேரு’ங்கற வம்சத்து வீட்டுப் பேரைத்தான் கேப்பாங்க, அது ஒண்ணா இருந்தாதான் பங்காளி. உங்க ரெண்டு வீட்டுலயும் அது மறந்து போயிருந்தா முதல்ல வந்த தாத்தாவோட கொலோனியல் நம்பர் (ஒப்பந்தக் கூலியா வந்த ஒவ்வொருத்தருக்கும் கொடுத்த பதிவு எண்) பழைய பேப்பர்ல எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. அந்த நம்பரோட டர்பன் ஆவணக் காப்பகத்துல கப்பல் லிஸ்ட்டைப் பார்த்தா அப்பா பேர், சாதி, ஜில்லா, கிராமம், உடம்புல இருந்த தழும்பு வரைக்கும் எழுதியிருப்பாங்க. பையன் வீட்டுத் தாத்தாவுக்கும் பாருங்க, அப்பா பேரும் கிராமமும் வேற வேறயா இருந்தா பெரியம்மாகிட்ட அதைக் காட்டிட்டு தைரியமா தேதி குறிங்க.