பிரெஞ்சுக் குடும்பப்பெயர் மட்டும் போதாது: ஹியூகனாட் முன்னோரைத் தேடும் முறை

கேள்வி: என் தாய்வழித் தாத்தா சென்னை ஆங்கிலோ இந்தியர். அவருடைய குடும்பப்பெயர் பிரெஞ்சுப் பெயர். பிரான்சில் மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு லண்டனுக்கு ஓடிவந்த ஹியூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகள், எங்கள் முன்னோர். அங்கே பட்டு நெய்தார்கள். அவர்களில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து மெட்ராஸ் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இது உண்மையா? பிரான்சில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பிரான்சிலிருந்து தொடங்காதீர்கள். 1685இல் பிரான்சிலிருந்து தப்பிய அகதிகளின் பட்டியல் ஒன்றில் தங்கள் பெயரைப் பார்த்தவுடன் அதுதான் நம் குடும்பம் என்று முடிச்சுப் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிப் பிறந்த வம்சாவளிகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆவணமாவது கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

முதல் வேலை, வேறு விளக்கங்களை விலக்குவது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுப் பெயர் என்றால் முதலில் சோதிக்க வேண்டியது புதுச்சேரி. அங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்னைக்கு வந்த பிரெஞ்சு வழிக் குடும்பங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1810இல் பிரிட்டிஷார் கைப்பற்றிய மொரீஷியஸிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஜெர்சி, குவெர்ன்சி தீவுக்காரர்கள் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பிரிட்டிஷ் பிரஜைகள். உங்கள் குடும்பத்தின் மிகப் பழைய பதிவுகள் கத்தோலிக்கக் கோயிலில் இருந்தால் ஹியூகனாட் கதையின் மீது சந்தேகம் கொள்ளுங்கள். ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலில் இருந்தால் மேலே போகலாம்.

மெட்ராஸ் ராஜதானியின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என் 2' (N/2) வரிசையாக இருக்கின்றன. கட்டண வம்சாவளித் தளங்களில் படமாகவே பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கம் நடத்தும் தேடல் தளம் இலவசம், அதில் தொடங்குங்கள். தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் அவர் பெயர் பல பதிவுகளில் விடுபட்டிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத் தந்தையின் உயிலைத் தேடுங்கள். மனைவி, மக்களை அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மெட்ராஸ் வந்த முதல் ஆளை அடைந்ததும், 'எல் மில் 9' வரிசையிலுள்ள கம்பெனிப் படையின் கப்பலேற்றப் பட்டியல்களைப் பாருங்கள். பிற்காலப் பட்டியல்களில் வயது, பிறந்த ஊர், முன் செய்த தொழில், வந்த கப்பல் ஆகியவை கிடைக்கும். 'நெசவாளர்' என்றும், ஊர் கிழக்கு லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ், பெத்னல் கிரீன், ஷோர்டிச் என்றும் இருந்தால் வீட்டுக் கதைக்கு முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

லண்டனில் ஒரு தேதியை மறக்கக் கூடாது: 25 மார்ச் 1754. அன்று முதல் செல்லுபடியாகும் திருமணம் ஆங்கிலிகன் கோயிலில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டுமே விலக்கு. ஆகவே அதற்குப் பிந்திய திருமணங்களைப் பிரெஞ்சுச் சபைகளில் தேடிப் பயனில்லை. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச், ஷோர்டிச் செயின்ட் லெனார்ட், பெத்னல் கிரீன் செயின்ட் மேத்யூ, ஸ்டெப்னி செயின்ட் டன்ஸ்டன் ஆகியவற்றின் பதிவேடுகளைப் பாருங்கள். அதற்கு முந்திய காலத்துக்குப் பிரெஞ்சுச் சபைகளின் பதிவேடுகளே முதன்மை. லண்டன் திரெட்நீடில் தெருச் சபை 1550இல் தொடங்கியது; கிடைக்கும் பதிவேடுகள் 1600 முதல். இந்தச் சபைகளின் மூலப் பதிவேடுகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஆர்ஜி 4' வரிசையில் உள்ளன. 1885இல் தொடங்கிய ஹியூகனாட் சங்கம் அவற்றைக் 'க்வார்ட்டோ' தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. பழைய தொகுதிகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். அச்சில் கிடைத்த ஒவ்வொரு பதிவையும் மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இந்தப் பதிவேடுகள் நம் வேலைக்கு மிக அனுகூலமானவை. மணமான பெண்ணைப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரிலேயே எழுதுவது பிரெஞ்சு வழக்கம். ஒவ்வொரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலும் தாயின் குடும்பப்பெயர் இருக்கும். ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். அந்த ஞானப்பெற்றோரை ஒரு தாளில் தனியாக எழுதி வையுங்கள். பெரும்பாலும் அவர்கள் தாய்மாமன், அத்தை, அல்லது பிரான்சில் அதே ஊர்க்காரர்கள். உங்கள் ஆளின் ஊர் எங்கும் எழுதப்படாமல் போனாலும், அவர் குழந்தைகளுக்கு ஞானத்தந்தையாக நின்ற மூவர் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்றால் அடுத்துத் தேட வேண்டியது அந்த ஊரைத்தான்.

இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. மே 1690இல் மணமான தம்பதிக்குப் பிப்ரவரி 1690இல் குழந்தை என்று பதிவிருந்தால் பதறவேண்டாம். நம் கணக்கில் அது பிப்ரவரி 1691. சில பிரெஞ்சுச் சபைகளில் ஜனவரி 1ஐப் புத்தாண்டாகக் கொள்ளும் ஐரோப்பியக் கண்டத்து முறையும் புழங்கியதால், ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறிப்பில் 1690/91 என்று இரட்டையாக எழுதுவது பாதுகாப்பு. மற்றொன்று பெயர். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடியோ பொருளை மொழிபெயர்த்தோ எழுதினார். டுபுவா 'வுட்' ஆகலாம், பிளாங்க் 'ஒயிட்' ஆகலாம்; முன்னொட்டான 'டி லா' ஒட்டிக்கொள்ளலாம் அல்லது உதிரலாம். நடிகர் டேவிட் கேரிக்கின் தாத்தா, போர்தோவிலிருந்து வந்த டேவிட் டி லா கரீக்.

குடும்பப்பெயர் தந்தைவழியில்தான் வந்திருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. சென்னையிலேயே சான்று இருக்கிறது. சேமியர்ஸ் ரோட்டின் பெயருக்குரிய குடும்பம், ஹியூகனாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணையை உருவாக்குவதில் பங்கெடுத்த போதகர் டேனியல் சாமியேயின் வழியினர். ஆனால் மெட்ராஸ் அரசில் உயர் பதவி வகித்த ஜான் எசேக்கியேல் பிறப்பால் டேஷாம். தாய்மாமனின் வாரிசானதால் சேமியர் பெயரை ஏற்றுக்கொண்டார். தந்தைவழியை மட்டும் பிடித்துப் போனால் வேறு ஒரு போதகர் குடும்பத்தில்தான் போய் நிற்போம்.

இனி கடினமான கட்டம்: கடலைத் தாண்டுவது. 1598இல் நான்காம் ஹென்றி தந்த நான்ட் ஆணையைப் பதினான்காம் லூயி அக்டோபர் 1685இல் ரத்து செய்தார். போதகர்கள் பதினைந்து நாளில் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது. பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமைத் தண்டனை, பெண்களுக்குச் சிறை. தப்பிப்பதே குற்றம் என்பதால் புறப்பட்டவர் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. வந்து சேர்ந்த இடத்துப் பதிவுகளை நம்பித்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவற்றில் மிகச் சிறந்தவை இரண்டு. 'தெம்வான்யாஜ்' என்பது ஒருவர் முன்பிருந்த சபை தந்த நற்சான்று. 'ரெகொனெசான்ஸ்' என்பது பிரான்சில் வற்புறுத்தலால் கத்தோலிக்கத்துக்கு மாறியதற்கு மனம் வருந்தி, சபை முன் செய்த அறிக்கை. இரண்டிலும் ஊரோ மாகாணமோ எழுதப்பட்டிருக்கும். அடுத்து உதவித்தொகைப் பட்டியல்களும், 1718இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்புகளும். தனி நபர்களுக்காக இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்களில் பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் வரும், ஆனால் அவற்றுக்குச் செலவு அதிகம். ஏழை நெசவாளர் பெயர் அங்கே இல்லாதது எதையும் நிரூபிக்காது. 1709 சட்டம் ஒரு ஷில்லிங்கில் குடியுரிமை தந்தது. சில ஆண்டுகளிலேயே அது நீக்கப்பட்டது.

1685ஐ மட்டுமே மனதில் வைத்துத் தேடாதீர்கள். ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களில் பலர் கேன்டர்பரியிலிருந்து வந்தவர்கள். அங்கே பேராலயத்தின் நிலவறையில் கூடிய பிரெஞ்சுச் சபையின் பதிவேடுகள் 1581 முதல் உண்டு. அந்தச் சபையார் பலரின் வேர் லீல், வாலென்சியென், தூர்னே வட்டாரம். அவர்கள், 1567இல் ஸ்பெயினின் ஆல்பா பிரபு புராட்டஸ்டன்ட்டுகளை ஒடுக்கப் படையோடு வந்தபின் தப்பிய, பிரெஞ்சு பேசும் வல்லோன் மக்கள். அந்த ஊர்கள் அப்போது பிரான்சில் இல்லை, ஸ்பானிய ஆட்சியில் இருந்தன. உங்கள் குடும்பம் கேன்டர்பரியில் 1640இலேயே இருந்தது தெரியவந்தால், பிரான்சின் மற்றப் பகுதி ஆவணங்களை மூடிவிட்டு இன்றைய வட பிரான்சு, பெல்ஜிய ஆவணங்களுக்குப் போங்கள். தென் பிரான்சுக்காரர்கள் பலர் நேரே கடல் கடக்கவில்லை; ஜெனீவா, ஃபிராங்க்ஃபர்ட், நெதர்லாந்து என்று சுற்றி வந்தவர்கள் அநேகம். லண்டனுக்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் காணாமல் போனால், ஹேக் நகர வம்சாவளி மையத்திலுள்ள வல்லோன் சபை அட்டைகளையும் சுவிஸ் உதவிப் பட்டியல்களையும் பாருங்கள்.

ஊர் தெரிந்த பிறகே பிரான்சு. மாவட்ட ஆவணக்காப்பகத் தளங்கள் பெரும்பாலும் இலவசம். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பொதுவாக 1685இல் நின்றுவிடும். உறவினர் சிலர் அங்கேயே தங்கியிருப்பர். அவர்களைக் கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டின் 1685 இறுதி மாதங்களில், மதம் துறந்தோர் வரிசையில் தேடுங்கள். தப்பியோடியவர்களின் பறிமுதல் சொத்து குறித்த கோப்புகள் பாரிஸ் தேசிய ஆவணக்காப்பகத்தின் 'டிடி' (TT) வரிசையில் உள்ளன. பாரிஸ் குடும்பம் என்றால் சிக்கல்: பாரிஸ் புராட்டஸ்டன்ட்டுகள் கூடிய ஷாரன்டோன் ஆலயப் பதிவேடுகள் 1871 தீயில் அழிந்துபோயின. அங்கே நோட்டரி ஆவணங்கள்தான் கதி. திருமண ஒப்பந்தம், உயில், நிலவிற்பனை எல்லாம் நோட்டரிக் கட்டுகளில் இருக்கும். மணமகனின் ஊர், தந்தை உயிரோடிருக்கிறாரா, சீதனம் எவ்வளவு, கையெழுத்திட்ட உறவினர் யார் என்பதையெல்லாம் அவை சொல்லும். காப்பகத்துக்கு எழுதும்போது பெயர், ஊர், பத்தாண்டுக்குள் அடங்கும் காலம் மூன்றையும் குறிப்பிட்டு, அந்த ஊரில் அப்போதிருந்த நோட்டரிகளின் பட்டியலை முதலில் கேளுங்கள்.