சுண்ணாம்பு

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் திருமணமாகி 19 வருடம். அவர் வாயிலிருந்து அன்பாக ஒரு சொல் வந்ததில்லை. இந்த வருடம் கல்யாண நாளையும் மறந்துவிட்டார். ஆனால் தினமும் காலையில் என் ஸ்கூட்டியைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்தி, பழைய நீலத் துண்டால் சீட்டைத் துடைத்து வைத்துவிடுவார். இதுதான் அன்பு என்கிறாள் தோழி. எனக்கு வெறும் பழக்கமாகத்தான் தெரிகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

கல்யாண நாளை விடுங்கள். நானும் மறக்கிறவன்தான்.

உங்கள் கடிதம் வந்தபோது குறுந்தொகை 167-ஐப் புரட்டிக்கொண்டிருந்தேன். கூடலூர் கிழார் பாட்டு. தயிர் பிசைந்த விரலைக் கட்டிய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவள் குழம்பு வைக்கிறாள். இனிது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. ஆறே வரி. எல்லோரும் குழம்போடு நின்றுவிடுகிறார்கள். பாட்டைச் சொல்வது யார் என்று பார்ப்பதில்லை. அவளும் இல்லை, அவனும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன செவிலித்தாய், பெண்ணைப் பெற்றவளிடம் சொல்கிறாள். புகைக்குள் நிற்கிறவளுக்குத் தன் முகம் எப்படித் தெரியும்?

எங்கள் ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் பல் இல்லை. சாப்பாடு ஆனதும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு வெற்றிலை இடிப்பார். காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, வேட்டியில் ஒரு துடைப்பு. விரல் நுனியில் கடுகளவு சுண்ணாம்பு. அப்புறம் சின்ன இரும்பு உரலில் டொக் டொக். "இன்னும் நைசா இடிச்சா கையா தேஞ்சுரும்?" என்று திட்டிக்கொண்டேதான் ஆச்சி வாங்கிப் போட்டுக்கொள்வாள். இது அன்பா பழக்கமா என்று அவளிடம் கேட்டிருந்தால் மூஞ்சியில் துப்பியிருப்பாள்.

பழக்கம் என்றால் அவ்வளவு கேவலமா உங்களுக்கு? 19 வருடமாக ஒரு மனிதர் துடைக்கிறார், நீங்கள் மார்க் போட உட்கார்ந்திருக்கிறீர்கள். துண்டின் நிறம் வரை எழுதத் தெரிந்த உங்களுக்கு என் தீர்ப்பு எதற்கு? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

தாத்தா போனபின் அம்மா இடித்துக் கொடுத்தாள். "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்றாள் ஆச்சி. மறுநாள் பாதியாகக் குறைத்தாள் அம்மா. அப்போதும் அதே பேச்சு. மூன்றாம் நாள் சுண்ணாம்பே வைக்காமல் இடித்துக் கொடுத்தாள். ஆச்சி வாயில் அதக்கி, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நாக்கு வெந்துபோச்சு."