குளிர்கால வானம் ஒரு மாதம்: கேள்வி பதில்

கேள்வி: தொலைநோக்கி இல்லை. வானம் பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிலாவிலிருந்து. அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, சூரியன் மறைந்ததும் மேற்கே பாருங்கள். பிறையின் இருண்ட பாகமும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளிதான் அங்கே விழுகிறது. எனக்கு அலுக்காத காட்சி இது. பிறகு தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று பாருங்கள். நாளுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்ந்திருக்கும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதை வைத்தே அளக்கலாம். போகிற வழியில் கார்த்திகைக் கூட்டத்தையும் ரோகிணியையும் நிலாவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பௌர்ணமியன்று பைனாகுலரில் பார்த்தேன். நிலாவில் பள்ளமே தெரியவில்லையே?

பதில்: அன்றைக்குச் சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால் நிழல்கள் நம் கண்ணில் படாது. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் அப்போதுதான் பொழுது விடிகிறது. பள்ளத்தின் விளிம்புகள் நீளமாக நிழல் போடும். மறுநாள் கோடு நகர்ந்து வேறு பள்ளங்கள் தெரியும்.

கேள்வி: குளிர்காலத்தில் முழுநிலா அதிக உயரம் ஏறுவதுபோலத் தெரிகிறது. பிரமையா?

பதில்: இல்லை, சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். வட அரைக்கோளத்துக் குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தள்ளி இருக்கும். முழுநிலா அதற்கு நேர் எதிரே, கோடையில் சூரியன் நிற்கும் பகுதியில் நிற்கும்.

கேள்வி: கோளை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: விண்மீன் மின்னும், கோள் பெரும்பாலும் நிதானமாக ஒளிரும். அடிவானத்தருகே மட்டும் கோளும் துடிக்கலாம். வியாழன் தெரியும் காலமானால் பைனாகுலரை எதிலாவது சாய்த்து ஆடாமல் பாருங்கள். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகளைக் கண்டார். சில நாளில் நான்காவதும் தெரிந்தது. அந்த நான்கு நிலவுகள் தினமும் இடம் மாறுவதை நீங்களும் குறித்து வரலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் தவறவிடக்கூடாதது எது?

பதில்: வேட்டைக்காரன் வடிவில் தெரியும் ஓரியன் விண்மீன் கூட்டம், சந்தேகமே இல்லை. இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் 8.6 ஒளியாண்டு தொலைவிலுள்ள சிரியஸ், மறுபக்கம் சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் ரோகிணி. தோளில் செம்மையாகத் திருவாதிரை, காலில் நீலவெண்மையாக ரைஜெல். நிறம் சூட்டைச் சொல்கிறது, ரைஜெல்தான் அதிகச் சூடு. 2019 கடைசியில் திருவாதிரை வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கி, அப்புறம் மீண்டது. இடுப்பின் கீழே பஞ்சுத் துணுக்குபோல ஒரு மங்கல் தெரியும். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் மேகம் அது. நிலா இல்லாத இரவில், இருட்டில் 20 நிமிடமாவது கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள். நடுவே கைபேசியைத் தொட்டால் பழக்கியது வீண்.

கேள்வி: மாதக் கடைசியில் அதே நேரத்தில் பார்த்தால் ஓரியன் மேற்கே தள்ளியிருக்கிறதே?

பதில்: விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம்.

கேள்வி: லென்ஸில் பனி படிந்தால் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம், கீறல் விழும். தானாக உலரட்டும். வெளியிலிருந்து கொண்டுவரும்போது உறையில் மூடியே கொண்டுவாருங்கள். அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.