கடைசிக்கு முந்தின ஆளிடம் கேளுங்கள்

போன இதழில், இங்கிலாந்தில் இருந்த காலத்தில் மேசைப் போர் விளையாட்டு விளையாடினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வழமையாகத் தண்ணீர்ப் பம்ப், காணி உறுதி, பிள்ளையின் ரியூசன் என்று வரும் கடிதங்களுக்கு நடுவில் இந்தத் தடவை ஆறு கடிதம் அதைப் பற்றியே. பம்ப்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வயது 23. கிங்ஸ் ஒஃப் வோர் விளையாடுகிறேன். அடுத்த மாதம் கொழும்பில் நண்பர்கள் 16 பேர் கூடி ஒரு நாள் சுற்றுப்போட்டி வைக்கிறார்கள். மூன்று ஆட்டம், ஆளுக்கு 2,000 புள்ளிப் படை (அணிக்கு அணி ஒரு புள்ளி விலை), அவரவர் முறையில் மட்டும் ஓடுகிற சதுரங்க மணிக்கூட்டில் ஆளுக்கு ஒரு மணித்தியாலம். இதுவரை என் தம்பியோடு மட்டும்தான் விளையாடியிருக்கிறேன். போய் அவமானப்பட்டு வருவேனோ என்று பயம். என் படைப்பட்டியலை இணைத்திருக்கிறேன். (திருநகர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, மற்ற வாசகர்களுக்காக முதலில் நாலு வரி. ஆறடிக்கு நாலடி மேசை. இரண்டு பக்கமும் விரல் உயரப் பொம்மைப் படைகள்: குள்ளர், பூதம், எலும்புக்கூடு, குதிரைக்காரர். நாடாவால் அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தி, ஆறுமுகக் கட்டை உருட்டி அடிபடுவது. இந்த வகையில் பேர்பெற்ற வார்ஹாமர் 1983 இல் இங்கிலாந்தில் வந்தது. கிங்ஸ் ஒஃப் வோர் அதற்குப் பல வருடம் பிந்தியது, நொட்டிங்ஹாமில் உள்ள மான்டிக் கம்பனியுடையது. வார்ஹாமரில் ஆள் ஆளாகச் செத்து மேசையை விட்டு எடுபடுவார்கள். இதில் இருபது பேர் அணி கடைசிவரை இருபதாகவே நிற்கும். பட்ட காயத்தை மட்டும் எண்ணி வைப்போம். ஒரு கட்டத்தில் அணி முழுதாக உடைந்து ஓடும், இல்லாவிட்டால் நிற்கும்.

இனி உம்முடைய விஷயம். என் முதல் சுற்றுப்போட்டி ஓர் ஆங்கிலேய ஊரின் தேவாலய மண்டபத்தில், 24 பேரோடு நடந்தது. முதல் ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தது எதிராளி அல்ல, மணிக்கூடு. 304 சீட்டாட்டத்தில் துரும்பு வைக்க யோசிக்கிற மாதிரி ஒவ்வொரு அணியையும் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நாலாவது முறையில் என் நேரம் முடிந்துவிட்டது. எதிரில் இருந்தவருக்கு இன்னும் 22 நிமிடம் இருந்தது. அங்கே விதி என்னவென்றால், நேரம் முடிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர் தொடர்ந்து ஆடலாம். என் குள்ளர்கள் தலை போன பனங்குற்றி மாதிரி வரிசையாக நின்றார்கள். அவர் நல்ல மனுஷன், ஒவ்வொரு அணிக்கும் பின்பக்கத்தால் வந்து அடிக்கும்போதும் “சொறி, சொறி” என்று சொல்லிச் சொல்லித்தான் அடித்தார். அது இன்னும் மோசம்.

ஆகவே கணக்கைப் பாரும். உமக்கு 60 நிமிடம். படையை மேசையில் பரப்ப ஆறு நிமிடம் போனால் மிச்சம் 54. ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு முறை, பிரித்தால் முறைக்கு ஒன்பது நிமிடம். உம்முடைய பட்டியலில் 15 அணி. ஓர் அணிக்கு 36 விநாடிதான் வருகிறது, அதற்குள் அளந்து, நகர்த்தி, எய்து, அடித்து, கட்டையும் உருட்ட வேண்டும். ஏலாது. சின்னச் சின்ன அணிகளைச் சேர்த்துப் பத்துக்குக் கொண்டுவாரும். பட்டியலின் பலம் கொஞ்சம் குறையட்டும், பரவாயில்லை. இன்றிலிருந்து தம்பியோடு விளையாடும்போது போனில் ஒன்பது நிமிடம் வைத்து, அடித்ததும் கையை எடும். முதல் இரண்டு நாளும் தம்பியோடு சண்டை வரும். பிறகு பழகிவிடும். இந்த விளையாட்டில் ஒரு வசதி, யாருடைய முறையோ அவர் மட்டும்தான் கட்டை உருட்டுவார். மற்றவர் முறையில் உமக்கு ஒரு வேலையும் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அடுத்த முறையை யோசித்து முடித்துவிடலாம். நான் அந்த நேரத்தில் எதிராளியோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பக்கத்தால் அடிப்பது. உமக்கு விதி தெரியும், ஆனால் அதன் எடை தெரியாது என்று பட்டியலைப் பார்த்தாலே விளங்குகிறது: பக்கத்துக்குச் சுற்றிப் போக, வேகமாக ஓடக்கூடிய அணி ஒன்றுகூட இல்லை. சாதாரண காலாட் படையணி ஒன்றுக்கு 12 அடி, அதாவது 12 கட்டை உருட்டல், என்று வையும். நாலும் அதற்கு மேலும் விழுந்தால் படும், பட்டதில் நாலும் அதற்கு மேலும் விழுந்தால் காயம். நேரே முன்னால் போனால் பன்னிரண்டில் ஆறு படும், ஆறில் மூன்று காயமாகும். எதிரணி உடையும் எண் 16 என்றால், இரண்டு கட்டை உருட்டி அதோடு இந்த மூன்றைக் கூட்டி 16 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இரண்டு கட்டையில் 13 எங்கே விழப்போகிறது? அதே அணி பக்கத்தால் போனால் அடி இரட்டிப்பு, காயம் ஆறு. இப்போது 10 விழ வேண்டும், ஆறு தரத்தில் ஒரு தரம் விழும். பின்பக்கத்தால் போனால் மும்மடங்கு, காயம் ஒன்பது. 7 விழுந்தால் போதும், 36 இல் 21 வாய்ப்பு. ஒரே ஆட்கள், ஒரே கத்தி. (இரண்டு கட்டையிலும் ஒன்று விழுந்தால் எதிரி எவ்வளவு காயப்பட்டிருந்தாலும் அசையமாட்டான். அது உமக்கு ஒரு தரம் நடக்கும். வாயை மூடிக்கொண்டு சிரியும்.) இன்னொன்று: எங்கே போய் முட்டுகிறீர் என்பது கணக்கில்லை, ஓடத் தொடங்கும்போது எதிரியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர் என்பதுதான் கணக்கு. இதை நான் இரண்டாவது ஆட்டத்தில்தான் அறிந்துகொண்டேன், அதுவும் வாங்கிக் கட்டிக்கொண்டு.

தம்பியோடு விளையாடும்போது வராத பிரச்சினை ஒன்று அங்கே வரும். அரை அங்குலத் தகராறு. அதற்கு ஒரே மருந்து, நகர்த்தும்போதே வாயால் சொல்லுவது. “உங்கள் குதிரைகள் 16 அங்குலம் பாயும், நான் 16 க்கு வெளியில் வைக்கிறேன், சரியா?” என்று கேளும். அவர் சரி என்றுவிட்டால் பிறகு பொம்மை தட்டுப்பட்டு ஒரு நூல் அசைந்தாலும் இரண்டு பேருக்கும் எண்ணம் தெரியும். மௌனமாக நகர்த்துகிறவரோடு விளையாடுவது, கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு எழுதுகிற சங்கப் பொருளாளரோடு கதைப்பது மாதிரி.

சோடி சேர்ப்பது சுவிஸ் முறையில் என்று எழுதியிருக்கிறீர். நல்லது. வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. 16 பேரில் முதல் சுற்றில் எட்டுப் பேர் தோற்பார்கள், இரண்டு சுற்றும் தோற்றவர் நாலு பேர். நீர் அந்த நாலில் ஒருவரானாலும், மூன்றாவது ஆட்டத்தில் உமக்கு எதிரே நிற்கப்போவது உம்மைப் போலவே அன்றைக்கு இரண்டு தரம் அடி வாங்கின ஒருவர். அவமானம் என்றீரே, அந்த மேசையில் அது செல்லாது.

கேள்வி: இவருடைய கூட்டாளி நான், பொம்மைகளுக்குப் பொறுப்பு. இரவு பஸ்ஸில் உடையாமல் எப்படிக் கொண்டுபோவது? (மாங்குளம்)

பதில்: ரெஜிபோமில் குழி வெட்டி வைக்கலாம் என்று யோசித்திருப்பீர். வேண்டாம், மணி மணியாக உதிர்ந்து பெயின்றில் ஒட்டும். அணிக்கு ஒரு மட்டை வெட்டும். ஒருவர் நிற்கும் சதுரம் 20 மில்லிமீற்றர், முன்னால் ஐந்து பேர், பின்னால் நாலு வரிசை. அதாவது 100 க்கு 80. இருபது பேரையும் அதில் பைன்டர் கம்மால் ஒட்டிவிட்டால் தூக்குவதும் ஒன்றாய், வைப்பதும் ஒன்றாய், நேரமும் மிச்சம். மட்டையின் அடியில் நாலு சின்னக் காந்தம். இனித் தகரம் வேண்டும். வன்னியில் தகரத்துக்குப் பஞ்சமா? மீள்குடியேறினபோது போட்ட கொட்டிலின் தகரம் என் கோடிக்குள் இன்னும் கிடக்கிறது. அதில் நெளிவில்லாத துண்டாகப் பார்த்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிளாஸ்ரிக் பெட்டியின் அடியில் போடும். பெட்டியைச் சரித்தாலும் ஒருவனும் விழமாட்டான். சூப்பர் குளூவை மட்டும் நம்ப வேண்டாம். என்னிடம் இருந்த உலோகப் பூதத்தின் கை முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் குலுக்கி நின்றபோது கழன்றது. கச்சான் வாங்கப் போன இடத்தில் கை தேடினேன்.

பெட்டி உம்முடைய மடியில் வரட்டும், மேல் தட்டில் வேண்டாம். பசை ஒரு போத்தல் கூட எடும்.

கேள்வி: பெண்பிள்ளைகள் விளையாடலாமா? (வவுனியா)

பதில்: என் இரண்டாவது ஆட்டத்தில் பின்பக்கத்தால் வந்து என்னைச் சப்பித் துப்பினவர் ஒரு தாதி. இரவு வேலை முடித்து, நித்திரையும் கொள்ளாமல் நேரே வந்தவர்.

கேள்வி: என் மகன் இந்தப் பொம்மைகளை வைத்துப் போர் விளையாடுகிறான். எங்களுக்கு நடந்தது போதாதா? இதைத் தடுப்பதா, விடுவதா? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 2009 இல் நான் இங்கே இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே இருந்தேன். உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த மண்டபத்தில் மேசைக்கு மேசை மரம், குன்று, கல்வேலி என்று செய்து வைத்திருந்தார்கள். என் மூன்றாவது ஆட்டத்து மேசையில் ஒரு வீடு. கூரை போன வீடு. சுவரில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கரி. செய்தவர் நல்ல கைகாரன், உடைந்த ஓடுகளைக்கூட ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருந்தார். பூதமும் குள்ளரும் சண்டை பிடிக்கிற மேசைதான், இருந்தாலும் என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. புளியம்பொக்கணையில் எங்கள் வீட்டின் படம் ஒன்று 2010 இல் எனக்கு வந்தது. அதிலும் வாசல் நிலை மட்டும் நின்றது. எதிரில் இருந்த பையனிடம், இதற்குப் பதிலாக ஒரு காடு வைப்போமா என்று கேட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தூக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, நாலு மரம் கொண்டுவந்து வைத்தான்.

பங்கரும் மண் அணையும் வருகிற இரண்டாம் உலகப் போர் விளையாட்டுக்கும் பிறகு கூப்பிட்டார்கள். போகவில்லை. குள்ளரோடு நின்றுவிட்டேன். அது என் மனதின் அளவு. உங்கள் மகனின் அளவு வேறாக இருக்கலாம், உங்களுடையது இன்னும் வேறு. தடுக்கச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு மேசையில் எது வரலாம், எது வரக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். அவன் கேட்பான், கேட்க வேண்டும். கட்டைகளை வெறும் பலகையில் உருட்டாமல், துணி விரித்த தட்டில் உருட்டச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி கட்டை பலகையில் கொட்டுப்படுகிற சத்தம் என் அம்மாவுக்கு ஆகாது. அவர் சொன்னதில்லை, நான் பார்த்து அறிந்தது.

கேள்வி: வன்னி மன்னன் பண்டாரவன்னியன் படையைப் பொம்மையாகச் செய்து போட்டிக்குக் கொண்டுபோகலாமா? மாணவர்கள் கேட்கிறார்கள். (ஆசிரியர், ஒட்டுசுட்டான்)

பதில்: சேர், உங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில்தானே கற்சிலைமடு. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றார் என்று அங்கே நாட்டிய நினைவுக்கல்லில் எழுதியிருந்தது. மாயாஜால விளையாட்டில் அவரைக் கொண்டுபோய் வெல்ல வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மனிதர் படைக்கான பட்டியலை எடுத்து, ஈட்டிக்காரருக்கு ஈட்டி, வில்லாளிக்கு வில் என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரிச் செய்ய வேண்டும். ஈட்டி பிடித்தவனைக் காட்டி “இவன் உண்மையில் துவக்குக்காரன்” என்றால் எதிராளி குழம்புவார், நீதியும் இல்லை. அணியின் நீள அகலம் விதியில் உள்ளபடி. ஒழுங்கமைப்பாளரிடம் முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

யானையை மறக்க வேண்டாம். ஒல்லாந்தருக்கு வன்னிமைகள், அதாவது வன்னிச் சிற்றரசர்கள், திறையாகக் கொடுத்ததே யானைதான். பிரிஸ்டல் போர்ட்டில் மடித்துச் செய்த யானையானாலும் போதும், தும்பிக்கை மட்டும் முன்னால் நிற்கிறவனின் மூக்கில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி ஐயா, கடைசியில் நீங்கள் எத்தனையாம் இடம்? (பரந்தன்)

பதில்: மூன்றாவது ஆட்டம் அந்தக் காடு வைத்த பையனோடு. பதினாலு வயதிருக்கும். நான் நகர்த்தி முடித்து மணிக்கூட்டை அடிக்கப் போக, “உங்கள் வில்லுக்காரர் இன்னும் எய்யவில்லை” என்று சொன்னான். எய்தேன். அவனுடைய நல்ல அணி ஒன்று அதிலே உடைந்தது. ஆட்டம் சமநிலை. எனக்கு அன்றைக்குக் கிடைத்த புள்ளி அது ஒன்றுதான்.

24 பேரில் 23 ஆவது. கடைசி ஆளுக்கு எல்லாரும் கைதட்டி ஒரு மரக்கரண்டி பரிசு கொடுத்தார்கள். எனக்கு அதுவும் இல்லை.