கடையை ஓடலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்ற வாக்கியத்தை 'அவள் ஒரு கடையை ஓடுகிறாள்' என்று எழுதிவிட்டாள். அகராதியைப் புரட்டினால், 'ரன்' என்ற ஒரு சொல்லுக்குப் பத்தி பத்தியாகப் பொருள் தந்திருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?
– வாசகி ஒருவர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வேண்டாம், அது ஆகிற காரியமும் அன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக வரும்போது மட்டும் இதற்கு 645 பொருள்கள் உண்டு எனப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவருக்கே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பிடித்தன.

உங்கள் மகளை இடறிவிட்டது சொற்பொருள் அன்று, இலக்கணம். தமிழில் தன்வினைக்கு 'ஓடு', பிறவினைக்கு 'ஓட்டு' என வடிவமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'ரன்' ஒன்றேதான். ஆகவே வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கெடிலம் ஆறு ஓடுகிறது, புதுச்சேரிப் பேருந்து ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது என்னும் இடங்களில் அது இல்லை. இரு மொழிகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. (மூக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஓடும், நமக்கு ஒழுகும்.) தேர்தல் இன்னும் வேடிக்கையானது: அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்கிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நம்மவரைப் போலவே நிற்கிறார்.

செயப்படுபொருள் வந்துவிட்டால், அதனோடு தமிழில் எந்த வினையைச் சேர்த்துப் பேசுவோம் என்று யோசித்தால் போதும். கடையை நடத்துகிறோம், இயந்திரத்தை ஓட்டுகிறோம், குளிக்கத் தண்ணீர் பிடிக்கிறோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும். 'ரன் எ ரேஸ்' போன்ற சில விலக்குகளில்தான் உண்மையாகவே ஓட வேண்டியிருக்கும்.

மனப்பாடம் செய்யத்தக்கவை, இச்சொல்லைத் தொடர்ந்து 'அவுட்', 'இன்டு', 'ஓவர்' முதலிய சிறு சொற்கள் வரும் தொடர்களே. கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒருவரை 'ரன் இன்டு' செய்தால் எதிர்பாராமல் சந்தித்தோம் என்றாகும். 'ரன் ஓவர்' செய்தால் வண்டியை ஏற்றிவிட்டோம் என்றாகிவிடும்.