கூட்டமாக மோட்டார்சைக்கிளில் கிளம்புகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (செந்தூல்): கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பத்து பேர் போகிறோம். நெடுஞ்சாலையில் ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் எல்லாரும் நிற்க வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது. அவசரத் தடத்தில் பத்து வண்டி வரிசையாக நின்றால் பத்து உயிருக்கும் ஆபத்து. கடைசியில் வரும் இரண்டு பேர் மட்டும் நிற்கட்டும். மற்றவர்கள் அடுத்த ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்), தாப்பாவோ சுங்கை பேராக்கோ, காத்திருக்கலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆளையும் கருவிப் பையையும் எப்போதும் வரிசையின் கடைசியில் வையுங்கள். முன்னால் போய்விட்டால் நெடுஞ்சாலையில் அவர் திரும்பி வர வழியே இல்லை.

டியூப்லெஸ் டயர் என்றால், பிளக்கும் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு) பசையும் கைக்கு வரும்வரை ஆணியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கியதும் ஓட்டையை அரம் போன்ற ஊசியால் நன்றாகக் குடைந்து, பசை தடவிய பிளக்கைச் செருகூசியில் கோர்த்துச் செருகி, பிளக்கின் நுனி கொஞ்சம் வெளியே நிற்கும்படி அந்தச் செருகூசியை வெடுக்கென்று இழுங்கள். காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வராவிட்டால் சரி. கடைக்குப் போகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் பிளக் உதவாது, நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800-88-0000-ஐக் கூப்பிடுங்கள்.

கம்பி ரிம் போட்ட கப்சாய்க்கு (சின்ன மோட்டார்சைக்கிளுக்கு) ஒரு டியூப் உபரியாக வேண்டும். அதைப் போடுமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஆணி அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

கேள்வி (கிள்ளான்): செயின் அறுந்தால்?

பதில்: உங்கள் செயின் அளவுக்கே உரிய இணைப்பு லிங்க் ஒன்றும் சின்னச் செயின் கட்டரும் பையில் இருந்தால் போதும். லிங்க் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் கிளிப் கழன்று விழும். ஆனால் ஒருமுறை அறுந்த செயினை நம்பிக் கூட்டத்தோடு வேகமாகப் போகாதீர்கள். அடுத்த ஊரில் மாற்றுங்கள், அப்புறம் பயணம்.

கேள்வி (சிரம்பான்): கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக் பிடி தொளதொளத்துப் போனது. ஏன்?

பதில்: பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் பிடி அமுங்கும், ஆனால் அழுத்தம் பிரேக்குக்குப் போய்ச் சேராது. டாட் 4 என்ற தர பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. அதனால் பழைய எண்ணெயோடு மலை ஏறவே ஏறாதீர்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். தொளதொளத்துவிட்டால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும்.

கேள்வி (பத்துமலை): பினாங்குப் பாலத்தில் டோல் உண்டா?

பதில்: மோட்டார்சைக்கிளுக்கு 2019 ஜனவரி 1 முதல் இல்லை, இரண்டாவது பாலத்திலும் இல்லை. ஆனால் பாலத்தின் நடுவில் பழுது பார்க்க இடம் கிடையாது. டயரையும் செயினையும் பட்டர்வொர்த்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.